ஏழு வருடம் வளராத தங்கை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தின் கடைசிக் காட்சியில் அந்தத் தங்கை வாசலில் நிற்கிறாளே, அவள் முதல் காட்சியில் நின்ற அதே உயரத்தில்தான் நிற்கிறாள். அதே பச்சைக் கவுன். இடது தோளில் அதே கிழிசல். பெரியவள் மழையைத் தேடிப் போய் ஏழு வருடம் கழித்துத் திரும்புகிறாள். அவளுக்கு முடி இடுப்புவரை வளர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு நரைத்திருக்கிறது. தங்கை மட்டும் வளரவே இல்லை.

இதை முதலில் எழுதிவிட வேண்டும் போலிருந்தது. இனி முறைப்படி கேட்கிறேன். நான் நலம். நீ நலமா? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் ஸ்டுடியோவில் தமிழ் பேச வைத்த அந்தக் கார்ட்டூன் படம் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் புதிதாக ஒரு டிவியும் டிஸ்க் போடுகிற பெட்டியும் வைத்திருக்கிறார்கள். இருப்பது ஒரே டிஸ்க். சலவைக்கூடத்திலிருந்து வெளுத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது படத்தில் ஊர் வறண்டு கிடக்கும். அழுக்கு விரிப்புகளை அள்ளிக்கொண்டு திரும்பும்போது மழை பெய்துகொண்டிருக்கும். பதினோரு நாளில் துண்டு துண்டாக முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். மழைப் பாட்டு நன்றாக இருந்தது.

அம்மாவுக்கு இப்போது நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நுரையீரல் ரொம்ப கெட்டுப்போச்சும்மா. பாக்க வேண்டியவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும், தள்ளிப் போடாதீங்க" என்றார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், வேறொன்றும் கேட்பதில்லை. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. எப்போது வருகிறாய்?

போன் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் வார்டனம்மா "யாரு?" என்று கேட்ட மாத்திரத்தில் எனக்கு வாய் அடைத்துப்போகும். உனக்குத் தெரியாததா. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை


ஜூன் 21

என் ஊமைக்கோட்டானுக்கு,

வாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிற உனக்குப் பேனாவைத் திறந்தால் இவ்வளவு கொட்டுகிறதே! நான் நலம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? கசக்கிறது என்று தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பாள், பார்த்துக்கொள்.

தங்கை வளரவில்லை என்று இங்கே ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. எங்கள் சவுண்ட் இன்ஜினியரிடம் கேட்டேன். ஓர் ஆளை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு படம் முழுக்க அந்த உருவத்தையே நடமாட விடுவார்களாம். பெரியவளுக்கு வயதுக்குத் தகுந்தபடி மூன்று உருவம். தங்கைக்கு ஒன்றே ஒன்று. "மழை கொட்டுற நேரத்துல தங்கச்சிய யாரு பாக்கப் போறா?" என்று சிரித்தார். அவர் சொல்வது சரிதான் என்று நினைக்கிறேன். எல்லார் கண்ணும் வந்து சேருகிறவள் மேல்தானே இருக்கும்.

அந்தப் படத்தின் பலமே வேறு. பெரியவளுக்கு என்ன வேண்டும் என்பது முதல் பாட்டிலேயே, இரண்டே நிமிடத்தில், கைக்குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது. அந்த ஏழு வருடத்தை எப்படிக் கடக்கிறார்கள், பார்த்தாயா? ஒரு செருப்பு தேய்கிறது. அடுத்த செருப்பு தேய்கிறது. அப்புறம் வெறுங்கால். நான்கு வரிப் பாட்டுக்குள் ஏழு வருடம் போய்விடுகிறது. இதை வேறு யாரால் செய்ய முடியும்?

மழைப் பாட்டை அம்மா கேட்டாளா? பாடியது நான் என்று சொன்னாயா? என்ன சொன்னாள்? முக்கியமானதை விட்டுவிட்டாயே.

ஆகஸ்ட்டில் ஒரு பாட்டு வேலை முடிகிறது. முடிந்ததும் வருகிறேன்.

அம்மாவின் கன்னத்தை என் சார்பில் கிள்ளவும்.
அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் நான்கு மாத்திரைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப்போனோம். என்னோடு விரிப்பு மடிக்கிற அக்காதான் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு உட்கார்ந்து முழுப் படம் பார்க்கத் தெம்பில்லை. மழைப் பாட்டு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "பாடுறது என் பெரியவ" என்றாள். "நிஜமாவா?" என்று அந்த நர்ஸ் கேட்டதற்கு, "பின்ன? இங்க வேற யாரு பெத்தா பாடகிய?" என்றாள். குழந்தைகள் எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள், மழையைப் பெய்ய வைத்ததே அவள்தான் என்பதுபோல.

திரும்பி வரும்போது அம்மா என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். அதை நீ வந்ததும் சொல்கிறேன்.

செருப்பு தேய்கிற காட்சி எனக்கும் பிடித்தது. ஆனால் அந்த நாரையை எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் அம்மாக்காரி கிணற்றடியில் மயங்கி விழுந்த அடுத்த நொடியே நாரை வந்து வாளிக்குள் தலையை மாட்டிக்கொள்கிறது. வார்டே சிரிக்கிறது. காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அழலாம் என்றிருந்தேன், அதற்குள் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார்களே என்று அவளுக்குக் கோபம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அவ பாட்டுக்குப் போயிட்டா. இங்க அம்மாவுக்கு யாரு சோறு குடுத்தா?"

நீதான் படத்தோடு இருந்தவள். யார் கொடுத்தார்கள்?

ஆகஸ்ட்டில் எந்தத் தேதி என்று எழுது. அம்மா கேட்கிறாள்.

தங்கை


ஜூலை 27

என் ஊமைக்கோட்டானுக்கு,

நலம். இங்கே ஒரே புழுக்கம். ஸ்டுடியோ அறையில் மட்டும் குளிர் எலும்பைத் துளைக்கும். அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது?

நாரை விஷயத்தில் நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அழ வேண்டிய இடத்தில் ஆளை அழ விட வேண்டும். அந்த வறட்சி அரசனையும் சேர்த்துக்கொள். படம் முழுக்கக் கொடுமை செய்துவிட்டு ஒரே பாட்டில் திருந்துகிறான். அவன் திருந்தியது அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆனால் சோறு யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கதைக்கு வெளியே இருக்கிற கேள்வி. தங்கைதான் கொடுத்திருப்பாள், வேறு யார்? அதைக் காட்டவில்லை என்பது குறையா? வீட்டில் இருக்கிறவள் சோறு வடிக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், தூங்குகிறாள், மறுநாள் மறுபடி வடிக்கிறாள். ஏழு வருடம் அதைக் காட்டினால் பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான். அதில் கதை எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் முடியாதுபோல் இருக்கிறது. புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது. செப்டம்பர் என்று வைத்துக்கொள். அம்மா சொன்ன அந்த இன்னொன்று என்ன? வந்த பிறகு என்று இழுக்காமல் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. அம்மாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது.

அதில் கதை எங்கே என்று கேட்டிருந்தாய். நேற்றைய ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

விடிந்ததும் அம்மாவை எழுப்பி உட்கார வைத்தேன். முதுகுக்கு மூன்று தலையணை. இரண்டு வைத்தால் சரிந்துவிடுகிறாள். கஞ்சி ஏழு கரண்டி குடித்தாள். முந்தாநாள் ஒன்பது. ஏழு மணிக்கு எதிர்வீட்டு மாமி வந்து உட்கார்ந்ததும் நான் ஓடினேன். சலவைக்கூடத்தில் ரத்தம் பட்ட விரிப்புகளைப் பச்சைத் தண்ணீரில் தனியாக ஊறப் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை ஒட்டிக்கொள்ளும். அது எனக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது, அவளுடைய வேலைதானே இது. தேய்ப்பு உருளையிலிருந்து சூடாக வருகிற விரிப்பை இரண்டு பேர் நான்கு முனை பிடித்து, ஓரடி முன்னே வந்து, ஓரடி பின்னே போய் மடிப்போம். "நீ மடிச்சதுல ஈ உக்காந்தா வழுக்கி விழுந்துரும்" என்று மடிக்கிற அக்கா சொல்வார். நேற்றும் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்றதும் என் கையிலிருந்த இரண்டு முனையையும் அவரே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். காலையில் எந்தப் பக்கம் தலை சாய்த்திருந்தாளோ அதே பக்கம்.

நீ போன மறுமாதம் அம்மாவுக்கு முதல்முறை மூச்சு முட்டியது. நான் ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை. பிறகு எதற்குமே போகவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அக்கா. நான்கு வரியில் சொல்ல முடிகிறதா என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

டாக்டர் இப்போது மாதக் கணக்கில் பேசுவதில்லை. வாரக் கணக்கில் பேசுகிறார்.

படத்தை விட்டுவிடு. கிளம்பி வா.

தங்கை


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. மூன்று வாரமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அம்மாவால் இப்போது வார்டுக்கு வர முடியாது. படத்தை என்னைச் சொல்லச் சொல்கிறாள். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். எனக்குப் பேச வராது என்று யார் சொன்னது, அம்மாவிடம் வருகிறது. நான் சொல்லும்போது நாரையை விட்டுவிடுகிறேன். தங்கையை வருடத்துக்கு ஒரு பிடி வளர்த்துவிடுகிறேன். பெரியவள் வீடு திரும்புகிற இடம் வருவதற்குள் அம்மா தூங்கிவிடுகிறாள். நானும் அந்த இடத்தை இதுவரை சொல்லவில்லை.

அம்மா சொன்ன அந்த இன்னொன்றை எழுதிவிடுகிறேன். நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தது தப்பு.

பாட்டின் முதல் வரி, "மழையே, உன் வழி மறந்ததோ". அதில் 'ழ' இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டும் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. உனக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை. மளை என்பாய், வளி என்பாய். பள்ளிக்கூடத்தில் உன்னை 'வாளைப்பளம்' என்று கூப்பிட்டார்கள். நான் தள்ளுவண்டியோடு வார்டு வாசலில் நின்று முதல் தடவை கேட்டபோதே தெரிந்துவிட்டது, அது உன் குரல் இல்லை என்று.

அம்மாவுக்கும் அப்படித்தான். நர்ஸிடம் அப்படிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, வராந்தா திரும்பியதும் என்னிடம் சொன்னாள்: "அவளுக்கு ழானா வராதேடி. என் வயித்துல பொறந்தவ குரல் எனக்குத் தெரியாதா?" பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நான் ஊருக்கெல்லாம் சொல்லிவெச்சா அவ தைரியமா வருவா. வெறுங்கையோட வர வெக்கப்படுறா" என்றாள்.

நேற்று மறுபடி உன் பேச்சு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "வெறுங்கையோடயே வரச் சொல்லு. கை நெறய கொண்டு வந்தா என்னை எப்படித் தூக்குவா?" என்றாள்.

இதைப் படித்ததும் கிளம்பு. எழுதிக்கொண்டு உட்காராதே.

தங்கை


செப்டம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

ஆகஸ்ட்டில் நீ எழுதியதைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். அம்மாவின் மாத்திரை மாதிரி. எத்தனை முறை எடுத்தேன், எத்தனை முறை வைத்தேன். அம்மா எப்படி இருக்கிறாள்?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மழைப் பாட்டைப் பாடியது நான் இல்லை. அதாவது, பாடினேன். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மெட்டு கேட்பதற்காக ஒருத்தியைப் பாட வைப்பார்கள். அதற்கு டிராக் என்று பெயர். அந்தப் பாடகி வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடியதும் முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். என் குரலையே வைத்துக்கொள்ளலாமா என்று ஒருநாள் பேச்சு நடந்தது. அன்றுதான் நான் வீட்டுக்கு எழுதினேன், மழைப் பாட்டு என்னுடையது என்று. மறுநாள் டைரக்டர், "குரல் நல்லா இருக்கு, மழைதான் வரல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது பாட்டுத்தாள்களைப் பிரதி எடுத்து அடுக்குகிற வேலை செய்கிறேன். புதுப் படத்தில் கோரஸில் ஒரு வரி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'ழ' இல்லாத வரி. அது கிடைத்ததும் வருகிறேன். ஒரு வரியாவது கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பாள். தாங்க மாட்டாள்.

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் நலம். சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் வட்டமாக ஒரு துருக்கறை இருக்கிறது.

நீ இங்கே இருந்த ஒன்பது நாளில் நாம் எதுவும் பேசவில்லை. செப்டம்பர் மூன்றாம் தேதி நீ எழுதிய கடிதம், நீ வந்த மறுநாள்தான் வந்தது. தபால்காரரிடமிருந்து நீயே வாங்கி, பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாய். நான் அதைப் படித்தேன் என்றுகூட உன்னிடம் சொல்லவில்லை.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. எழுதுகிறேன்.

நான்காம் தேதி காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் நாள் கணக்குகூட இல்லை, மணிக் கணக்குதான், உடனே சொல்லி அனுப்புங்கள் என்றார். மடிக்கிற அக்கா என்னைச் சலவைக்கூட ஆபீசுக்குக் கூட்டிப்போய் உங்கள் விடுதி எண்ணைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, நான் வெட்கப்படுவேன் என்று வெளியே போய் நின்றார். வார்டனம்மா எடுத்தார். "யாரு?" என்றார். எனக்கு உன் பேர் வாய்வரை வந்தது. "யாரும்மா, பேசுங்க" என்றார். நான்கு தடவை கேட்டார். பிறகு வைத்துவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் மடிக்கிற அக்கா, "சொல்லிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அதனால் வேறு யாரும் உனக்குப் போன் செய்யவில்லை. அன்றே நீ கிளம்பியிருந்தால் ஐந்தாம் தேதி காலையில் வந்திருப்பாய். அம்மா போனது ஐந்தாம் தேதி சாயங்காலம்தான். அன்று முழுவதும் வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

என் கடிதத்தைப் பார்த்துவிட்டு நீ ஏழாம் தேதி வந்தாய். சேதி தெரிந்தும் வரவில்லை, கல்நெஞ்சுக்காரி என்று மாமா உன் முகத்துக்கு நேரே சொன்னார். எதிர்வீட்டு மாமி உனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நீ சுவரோடு நின்றாய். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நேற்று மாமாவிடமும் மாமியிடமும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். வார்த்தை தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. ஆனால் சொன்னேன்.

தங்கை


அக்டோபர் 30

அன்புத் தங்கைக்கு,

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அந்த நான்காம் தேதி காலையில் நான் வார்டன் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன், தபாலில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க. அவர் போனை வைத்துவிட்டு, "யாரோ மூச்சு மட்டும் விடுறா, பேச மாட்டேங்குறா" என்றார்.

நீ என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்குப் போன் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற ஆள் வேறு யார்? நீ போன்வரை வந்திருக்கிறாய் என்றால் எதற்காக என்பதும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமலே பஸ் ஏறியிருக்கலாம். நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். அன்று அந்தக் கோரஸ் வரியைப் பாட வேண்டியிருந்தது. பாடினேன். அதுவும் டிராக்தான்.

மாமா திட்டியது சரியான ஆளைத்தான். அதற்காக நீ ஏன் வீடு வீடாகப் போய்ச் சொன்னாய்?

படத்தைப் பற்றி நீ முன்பு எழுதியதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அந்தப் படத்தின் குறை நாரை இல்லை. வளராத தங்கைகூட இல்லை. பெரியவள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் வீட்டில் எல்லாரும் அப்படியே இருப்பார்கள் என்று காட்டினார்களே, அதுதான். நான் அதை எத்தனையோ தடவை பார்த்தேன். நம்பினேன்.

டிசம்பரில் பத்து நாள் விடுமுறை இருக்கிறது. வரலாமா? வேண்டாம் என்றால் எழுது. எழுதக்கூட வேண்டாம், பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். படத்தில் பெரியவள் வாசலுக்கு வந்ததும் ஒரு பாட்டு வருகிறது. அது முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. உன்மேல் இருப்பதும் என்மேல் இருப்பதும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது, இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. நீ வந்தாலும் நான் முதல் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பேன். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

இன்று சலவைக்கூடத்துக்கு விடுமுறை. காலையில் அம்மாவின் கட்டிலை வெளியே இழுத்துப்போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் உள்ளே கொண்டுவந்து போட்டு, வெளுத்த விரிப்பு ஒன்றை விரித்தேன். ஒரு தலையணை வைத்தேன்.

தங்கை